உங்கள் பாடக்குறிப்பைக் கம்ப்யூட்டர் வாசிக்குமா?

கல்லூரியில் பாடம் நடத்தும் நான், குறிப்புகளை வேர்டு பைலாகவே தருகிறேன். பார்வையற்ற மாணவர்கள் என்.வி.டி.ஏ. என்ற ஸ்கிரீன் ரீடர் மூலம் அவற்றைக் காதால் கேட்டுப் படிக்கலாம். 2006ல் ஆஸ்திரேலியாவின் மைக்கேல் கர்ரன் தொடங்கிய இந்த புரோகிராம் இலவசம், தமிழும் வாசிக்கும். ஆனால், ஸ்கேன் செய்த பக்கம் அதற்கு வெறும் படம்தான்.

எனவே, தமிழை யூனிகோட் எழுத்துருவில் டைப் செய்திடுங்கள். தலைப்புகளுக்கு ஹெடிங் ஸ்டைல் கொடுங்கள். மாணவர் தேவையான பகுதிக்கு நேரே தாவலாம். படத்தில் ரைட் கிளிக் செய்து, ஆல்ட் டெக்ஸ்ட் பிரிவில் விளக்கம் எழுதுங்கள்.

அரசு உயர்கல்வி நிறுவனங்களில் மாற்றுத்திறனாளிகளுக்குக் குறைந்தது 5 சதவீத இடங்களை 2016ம் ஆண்டுச் சட்டம் ஒதுக்குகிறது. இடம் கிடைத்தவருக்குப் பாடமும் கிடைக்க, எல்லாத் துறை ஆசிரியர்களும் இப்படித் தர வேண்டும்.