ஒரே ஒரு ஜோடிச் சக்கரம் இழுத்த ரயில்

எழும்பூரிலிருந்து கோடம்பாக்கம்வரை பாரம்பரிய ரயிலை இழுத்த இ.ஐ.ஆர். (கிழக்கிந்திய ரயில்வே) 21 என்ற நீராவி என்ஜினைப் பலரும் பார்த்திருப்பீர்கள். அந்த வழித்தடம்தான் செங்கல்பட்டைத் தாண்டி நம் மதுராந்தகத்துக்கும் வருகிறது. ஆனால், அந்த என்ஜின் உழைத்த காலத்தில் இங்கே வந்திருக்கவே முடியாது. அது 1,676 மி.மீ. அகலப் பாதைக்காகச் செய்யப்பட்டது. அன்றைய நம் பாதையோ 1,000 மி.மீ. மீட்டர் கேஜ்.

1855-ல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் கிட்சன் நிறுவனம் கட்டிய என்ஜின் இது. இதன் இரட்டைப் பிறவிதான் 22-ஆம் எண் 'ஃபேரி குயின்'. டெல்லி தேசிய ரயில் அருங்காட்சியகத்தில் நின்றிருந்த அந்த என்ஜின் 1997-ல் மீண்டும் ஓடத் தொடங்கி, மறு ஆண்டே கின்னஸில் இடம்பிடித்தது.

இரண்டிலும் ஆறு சக்கரங்கள். நீராவியின் விசை நடு ஜோடிக்கு மட்டுமே போகும். நடுச் சக்கரத்தின் விட்டம் 1,829 மி.மீ., அதாவது ஆறடி; பக்கத்தில் நின்றால் நம் தலைக்கு மேலே போகும். ஒரு சுற்றுக்கு 5.75 மீட்டர் நகர்கிறது. மணிக்கு 40 கி.மீ. வேகத்தில்கூட விநாடிக்கு இரண்டு சுற்றுக்கும் குறைவுதான். பிஸ்டன் பதறாமல் அசைந்தால் போதும். வேகமாக அசையும் பாகங்கள் சீக்கிரம் தேய்ந்த காலத்தில் இது அருமையான யோசனை.

அதற்கு விலையும் உண்டு. நடு அச்சின் மேல் விழும் எடை மட்டுமே தண்டவாளத்தைப் பிடித்துக்கொள்ள உதவும். பளு கூடினாலோ ஏற்றம் வந்தாலோ சக்கரம் வழுக்கிச் சுழலும். இந்த என்ஜின்கள் ஓடிய ஹவுரா–ராணிகஞ்ச் சமவெளியில் அது பெரிய குறையாக இல்லை. பிற்காலத்தில் மீட்டர் கேஜ் பாதைகளில் ஓடிய ஒய்.பி. என்ஜினில் 1,372 மி.மீ. விட்டமுள்ள மூன்று ஜோடிச் சக்கரங்களைத் தண்டால் இணைத்து, எல்லாவற்றையும் இழுக்க வைத்தார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது தண்ணீர்த் தொட்டி. கொதிகலனுக்கு அடியில், சட்டங்களுக்கு நடுவே அதைப் பொருத்திவிட்டார்கள். பாரம் கீழே தங்குவதால் என்ஜின் நிலையாக ஓடும்.

ஜமால்பூரில் பல்லாண்டு காட்சிக்கு நின்ற 21-ஐ, 2010-ல் பெரம்பூர் பணிமனைத் தொழிலாளர்கள் மீண்டும் ஓட வைத்தார்கள். பழுதான பாகங்களை மாற்றுவதில் தவறில்லை. சக்கர அமைப்பில் மட்டும் ஒருபோதும் கைவைக்கக் கூடாது. தகவல் பலகையில் கட்டிய ஆண்டோடு, அந்த நடுச் சக்கரம் ஏன் அவ்வளவு பெரியது என்பதையும் எழுதி வைக்க வேண்டும்.