உஷார்! சீட்டு மேஜையில் ஒரு 'ஜோக்' வரும்

சனிக்கிழமை ராத்திரி. அமெரிக்காவில் ஏதோ ஒரு வீட்டில் போக்கர். ஆளுக்கு இருபது டாலர், ஆறேழு பேர், பீர், நொறுக்குத்தீனி. ஒருவர் தன் சீட்டைப் பார்த்துவிட்டு, சரிப்படாது என்று கவிழ்த்து வைக்கிறார். எதிரே இருப்பவர், "யூதன் கையிலிருந்து காசு லேசில் கிளம்புமா?" என்கிறார். மேஜையே சிரிக்கிறது.

உஷார்! இதற்குப் பிறகு நடப்பது சீட்டாட்டம் மட்டுமல்ல.

போக்கர் தெரிந்தவர்களுக்குத் தெரியும்: நல்ல ஆட்டக்காரர் தனக்கு வரும் சீட்டுகளில் பெரும்பாலானவற்றைக் கவிழ்த்துத்தான் வைப்பார். மற்றவர் அப்படி ஆடினால் 'டைட் பிளேயர்' என்று மரியாதை. யூதர் ஆடினால் கஞ்சத்தனம். சரி, துணிந்து மொத்தத்தையும் நடுவே தள்ளி ஜெயித்தால்? "காசு விஷயத்தில் அவர்களை மிஞ்ச முடியுமா!" மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி.

எதிராளியைச் சீண்டி நிதானம் இழக்க வைப்பது போக்கரில் பழைய உத்திதான். அப்படி நிதானம் இழந்த நிலைக்கு 'டில்ட்' என்று பெயரே உண்டு. அந்தச் சீண்டல் போர்வைக்குள்தான் இந்த யூத 'ஜோக்'கும் நுழைகிறது. ஒருவன் அசட்டுத்தனமாக ஆடியதைக் கிண்டலடிப்பது வேறு, அவன் பிறப்பைக் கிண்டலடிப்பது வேறு. காசினோவில் புகார் சொல்ல ஃப்ளோர் மேனேஜர் இருப்பார். வீட்டு ஆட்டத்தில் யார்? வீட்டுக்காரர்தான். அவரும் சிரித்துக்கொண்டிருந்தால் கேட்பாரில்லை. எதிர்த்துப் பேசினால் "ஒரு ஜோக்கைத் தாங்க மாட்டாயா?" பேசாமல் இருந்தால் அடுத்த வாரம் அதுவே பட்டப்பெயர்.

இந்தக் கிண்டலின் வேர் கேலியில் இல்லை. இடைக்கால ஐரோப்பாவில் பல கைவினைஞர், வணிகர் சங்கங்கள் யூதரைச் சேர்க்கவில்லை. கிறிஸ்தவர் வட்டி வாங்குவதைத் திருச்சபை பாவம் என்றது. கடன் கொடுக்கும் வேலை யூதர் பக்கம் தள்ளப்பட்டது, அப்புறம் அதுவே அவர்கள் குணம் என்றானது. (அடகுக்கடை என்றாலே 'சேட்டு' என்று சொல்லிப் பழகிய நமக்கு இது புரியாததல்ல.) 1190-இல் இங்கிலாந்தின் யார்க் நகரில், தாக்க வந்த கூட்டத்துக்கு அஞ்சிக் கோட்டைக்குள் தஞ்சம் புகுந்த யூதர்கள் சுமார் 150 பேர் மாண்டார்கள். கூட்டம் அதோடு ஓயவில்லை. நேரே தேவாலயத்துக்குப் போய், அங்கே வைத்திருந்த கடன் பத்திரங்களைக் கொளுத்தியது. நூறு வருஷம் கழித்து, 1290-இல், மன்னர் முதலாம் எட்வர்ட் மிச்சமிருந்த யூதரை நாட்டைவிட்டே வெளியேற்றினார்.

சீட்டாட்ட உலகத்திலேயே இந்தக் 'கஞ்ச யூதர்' கதைக்கு நேர்மாறான ஒருவர் இருந்தார். ஸ்டூ அங்கர், நியூயார்க்கில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். 1980, 1981, 1997 என மூன்று முறை போக்கர் உலகத் தொடரின் முதன்மைப் போட்டியை வென்றார். காசு அவர் கையில் தங்கியதே இல்லை. 1998-இல் லாஸ் வேகாஸ் மோட்டல் அறையொன்றில் இறந்துகிடந்தபோது வயது 45. சவ அடக்கத்துக்கு நண்பர்கள்தான் பணம் திரட்டினார்கள்.

அப்படியொரு மேஜையில் நீங்கள் உட்கார நேர்ந்தால், அடுத்த சீட்டு பிரிக்கும் முன்பே சொல்லிவிடுங்கள்: "அந்தப் பேச்சு இங்கே வேண்டாம், ஆட்டத்தைப் பார்." வீட்டுக்கு வந்தபின், கிண்டலுக்கு ஆளானவருக்குத் தனியாக ஆறுதல் செய்தி அனுப்பிப் பயனில்லை. சிரிப்பு எழும்போது அவர், பேசியவரைப் பார்ப்பதில்லை. சுற்றி யார் யார் சிரிக்கிறார்கள் என்றுதான் பார்க்கிறார்.