மறதி நோயை வீட்டிலேயே முன்கூட்டி அறிய உதவும் மெய்நிகர் சோதனை

மறதி நோய் வகைகளில் ஒன்றான அல்சைமர் நோய் என்றதும் பெயர்களும் முகங்களும் மறந்துபோவதே நினைவுக்கு வரும். நோய் அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே, வழியறியும் திறனைத் தாக்கத் தொடங்கிவிடக்கூடும். மூளைப் புறணியில் இந்நோயின் அடையாளமான டௌ புரதச் சிக்கல்கள் முதலில் தோன்றுவது என்டோரைனல் பகுதியிலும் அதை ஒட்டிய இடத்திலும்தான் என்பதை 1991இல் ஜெர்மானிய ஆய்வாளர்கள் பிராக் தம்பதியர் விளக்கினர். நாம் எங்கே நிற்கிறோம், எவ்வளவு தூரம் நடந்தோம் என்று கணக்கு வைப்பதும் அதே பகுதிதான். அதற்கு உதவும் கட்ட நரம்பணுக்களை நார்வேயின் மோசர் தம்பதியர் 2005இல் கண்டறிந்தனர். ஜான் ஓ'கீஃபுடன் சேர்த்து அவர்களுக்கு 2014இல் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது.

மருத்துவர்கள் இன்று பெரும்பாலும் தாள், பென்சில் சோதனைகளையே நம்பியிருக்கிறார்கள். 2005இல் வெளியான 'மோகா' சோதனை 30 மதிப்பெண் கொண்டது. கடிகாரம் வரையச் சொல்வார்கள். ஐந்து சொற்களைச் சொல்லிச் சற்று நேரம் கழித்துத் திருப்பிக் கேட்பார்கள். பயனுள்ள சோதனைதான். ஆனால் நன்கு படித்தவர் தொடக்கநிலைக் குறைபாட்டுடனேயே நல்ல மதிப்பெண் பெற்றுவிடலாம். அதிகம் படிக்காதவரோ நோயில்லாமலே குறைவாகப் பெறலாம். வழியறியும் திறனை இச்சோதனை நேரடியாக அளப்பதும் இல்லை.

அந்த இடைவெளியை மெய்நிகர் தொழில்நுட்பம், அதாவது விஆர், நிரப்பக்கூடும். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019இல் வெளியிட்ட ஆய்வில், லேசான அறிவாற்றல் குறைபாடு உள்ள 45 பேரும் நலமாக இருந்த 41 பேரும் விஆர் கருவியைத் தலையில் மாட்டிக்கொண்டு நடந்தனர். கண்முன் தோன்றும் கூம்புகளைப் பின்பற்றி நடந்த பிறகு, புறப்பட்ட இடத்துக்குத் தாமாகவே திரும்ப வேண்டும். குறைபாடு உள்ளவர்கள் அதிகம் தடுமாறினர். அவர்களிலும், தண்டுவட நீரில் அல்சைமர் அடையாளங்கள் இருந்தவர்களின் பிழையே கூடுதலாக இருந்தது. வழக்கமான சோதனைகளைவிட இந்தச் சோதனை இரு தரப்பையும் துல்லியமாகப் பிரித்துக் காட்டியது. 2016இல் வெளிவந்த 'சீ ஹீரோ குவெஸ்ட்' என்ற கைபேசி விளையாட்டும் இதே நோக்கம் கொண்டது. 40 லட்சத்துக்கும் மேற்பட்டோர் அதை விளையாடியதால், வயதுக்கேற்ற இயல்பான வழியறியும் திறன் எது என்பதற்கு ஓர் அளவுகோல் உருவானது.

கணினியோடு இணைக்கத் தேவையில்லாத தலைக்கருவிகள் 2019 முதல் பரவலாக விற்பனைக்கு வந்துள்ளதால், இத்தகைய சோதனையை வீட்டிலேயே செய்வது சாத்தியமாகிவருகிறது. தலை எத்திசையில் திரும்பியது, கை எங்கே நீண்டது, அணிந்தவர் எந்த இடத்தில் தயங்கினார் என்பதையெல்லாம் கருவி பதிவுசெய்யும். வீட்டில் ரத்த அழுத்தம் பார்த்துக் குறித்து வைப்பதுபோல, சில மாதங்களுக்கு ஒருமுறை செய்தால், ஒருவரின் இன்றைய நிலையை அவருடைய பழைய நிலையோடே ஒப்பிட முடியும். இதுவே வீட்டுச் சோதனையின் பெரும் பலன்.

நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரம் இத்துறையில் கவனிக்கத்தக்கது. 2020இல் அந்நாட்டில் ஏறத்தாழ 70,000 பேர் மறதி நோயுடன் வாழ்ந்தனர் என்றும், 2050இல் அது ஏறக்குறைய 1,70,000 ஆகும் என்றும் ஆக்லாந்து பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மதிப்பிட்டனர். பேராசிரியர் லினெட் டிப்பெட் தலைமையிலான மறதி நோய்த் தடுப்பு ஆய்வு மையங்கள் ஆக்லாந்து, கிரைஸ்ட்சர்ச், டுனெடின் நகரங்களில் இயங்குகின்றன. லேசான குறைபாடு உள்ளவர்களை ரத்தப் பரிசோதனை, மூளை ஸ்கேன், அறிவாற்றல் சோதனை ஆகியவற்றின் மூலம் இவை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனிக்கின்றன. அதே பல்கலைக்கழகத்தின் உயிர்ப்பொறியியல் நிறுவனத்தில் பேராசிரியர் மார்க் பில்லிங்ஹர்ஸ்டின் ஆய்வகம், விஆர் அணிந்தவரின் உடலும் மூளையும் காட்டும் மாற்றங்களை ஆராய்கிறது.

ஆக்லாந்தில் மாவோரி, சமோவா, தொங்கா, சீன, இந்திய, இலங்கைக் குடும்பங்கள் சேர்ந்து வாழ்கின்றன. பிள்ளைகளோடு வாழ வந்த தமிழ்ப் பெற்றோரிடம் ஆங்கிலத்தில் ஐந்து சொற்களைச் சொல்லிக் கேட்டால், அளக்கப்படுவது நினைவா, ஆங்கிலமா என்று சொல்ல முடியாது. இதனால்தான் சென்னையிலும் வேலூரிலும் பயன்படுத்தப்பட்ட '10/66' என்ற பன்மொழி ஆய்வுமுறையை ஆக்லாந்து ஆய்வாளர்களும் கையாண்டனர். சொல் அதிகம் தேவைப்படாத வழியறியும் சோதனை இத்தகைய முதியோருக்குப் பொருத்தமானது. ஆனாலும் அந்தந்தச் சமூக முதியோரிடமே சோதித்து அளவுகளை வகுத்த பிறகே அதை நம்ப முடியும்.

வரம்புகளும் உண்டு. சிலருக்குத் தலைசுற்றலும் குமட்டலும் வரும். கண்புரையும் மூட்டுவலியும் மதிப்பெண்ணைக் குறைக்கும். கண் மறைக்கப்பட்டிருப்பதால் விழும் அபாயம் உண்டு. நாற்காலியில் அமர்ந்தோ, துணைக்கு ஒருவரை வைத்துக்கொண்டோ செய்வது நல்லது. பதிவாகும் தகவல் யாரிடம் போகிறது என்பதையும் கேட்டறிய வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, விஆர் சோதனை நோயை உறுதிசெய்யாது. பி12 குறைபாடு, தைராய்டு கோளாறு, மனச்சோர்வு, காது மந்தம், தூக்கமின்மை ஆகியவையும் இதே தடுமாற்றத்தைத் தரலாம். இவற்றில் பலவற்றைச் சரிசெய்ய முடியும்.

முன்கூட்டியே அறிவதன் பயன் பெரிது. 2023இல் அமெரிக்கா முழு ஒப்புதல் அளித்த லெக்கனமாப் போன்ற மருந்துகள் நோயின் தொடக்க நிலைக்கு மட்டுமே உரியவை. உயர் ரத்த அழுத்தம், நீரிழிவு, புகைப்பழக்கம், செவித்திறன் குறைபாடு உள்ளிட்ட 14 காரணிகளைக் கட்டுப்படுத்தினால் மறதி நோயில் ஏறக்குறைய 45 சதவீதத்தைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ இயலும் என்று லான்செட் ஆணையம் 2024இல் கூறியது. ஆகவே, பழகிய தெருவில் பெற்றோர் வழி தடுமாறினால், வயதாகிவிட்டது என்று விட்டுவிடாமல் குடும்ப மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.