பகலுக்கு ஓர் அமைப்பு, இரவுக்கு ஓர் அமைப்பு

வாசலில் மாட்டிய சிசிடிவி கேமரா பகலில் முகத்தைத் தெளிவாகக் காட்டுகிறது. இரவில் யாராவது ஓடினால் வெள்ளையாக ஓர் உருவம் மட்டும் இழுபட்டுத் தெரிகிறது. பெரும்பாலும் இது கேமராவின் பழுதல்ல. எல்லாவற்றையும் ‘ஆட்டோ’வில் விட்டதன் விளைவு.

நம் கண்ணுக்குத் தெரியும் ஒளி ஏறக்குறைய 400 முதல் 700 நானோமீட்டர் வரை. கேமராவின் சிலிக்கான் சென்சாரோ 1,100 நானோமீட்டர் வரை, அதாவது அகச்சிவப்பையும் உணரும். பகலில் அது கலந்தால் நிறங்கள் திரிந்துவிடும் என்பதால், சென்சாருக்கு முன்னால் ஒரு வடிகட்டி அதைத் தடுக்கிறது. இருட்டியதும் வடிகட்டி விலகுகிறது. அந்தியில் கேட்கும் ‘டக்’ சத்தம் அதுதான். உடனே அகச்சிவப்பு எல்இடிகள் எரிகின்றன. 850 நானோமீட்டர் எல்இடி மங்கிய சிவப்பாகத் தெரியும், தூரம் எட்டும். 940 கண்ணுக்கே தெரியாது, எட்டும் தூரம் குறைவு. எதுவானாலும் படம் கறுப்பு வெள்ளைதான்.

இரவில் முதலில் கவனிக்க வேண்டியது ஷட்டர் வேகம். வெளிச்சம் போதாதபோது கேமரா ஷட்டரை 1/12 விநாடி வரைகூடத் திறந்துவைக்கும். விநாடிக்கு 4 மீட்டர் வேகத்தில் ஓடுபவர் அதற்குள் 33 செ.மீ. நகர்ந்துவிடுவார்; முகம் கரைந்துபோகும். 1/100 விநாடி வைத்தால் நகர்வது 4 செ.மீ. மட்டுமே. படம் சற்று இருண்டாலும் ஆளை அடையாளம் காண வாய்ப்பு கூடும். அந்த இருளைப் போக்க, படத்தைச் செயற்கையாக வெளிச்சமாக்கும் ‘கெயின்’ அளவை ஏற்றிக்கொண்டே போனால் படமெங்கும் புள்ளிகள் மொய்க்கும். ஹார்டு டிஸ்க்கும் சீக்கிரம் நிரம்பும். வாசலில் ஒரு விளக்கைக் கூடுதலாகப் போடுவதே நல்ல வழி. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் கேமராவிலும் 50 ஹெர்ட்ஸையே தேர்ந்தெடுக்க வேண்டும். இல்லாவிட்டால் விளக்கொளியில் படம் மினுங்கும்.

பகலின் சிக்கல் வேறு. முதுகுக்குப் பின்னால் வெயில் இருக்க நிற்பவரின் முகம் கறுத்துப்போகும். ‘டபிள்யூடிஆர்’ வசதி வெவ்வேறு ஷட்டர் வேகங்களில் எடுத்த படங்களை இணைத்து இதைச் சரிசெய்கிறது. இருட்டில் அது புள்ளிகளைக் கூட்டிவிடும் என்பதால் இரவில் அணைத்துவிடலாம்.

கேமராவை ஒட்டிய சுவரும் சிலந்தி வலையும் அகச்சிவப்பைத் திருப்பியடித்துப் படத்தை வெளுக்கவைக்கும். வலையை அவ்வப்போது துடைத்துவிடுங்கள்.

அமைப்புகளை மாற்றியபின், இன்றிரவே வீட்டில் ஒருவரை வாசலில் வேகமாக நடக்கச் சொல்லிப் பதிவைப் பாருங்கள். முகம் தெரிந்தால்தான் அந்தக் கேமராவால் பயன்.