மூன்று சுழியும் தெரியணும்

கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரத்தை நெருங்க நெருங்க, பலகைகளில் ஒரு வகை ஆங்கில எழுத்து கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும். கோடெல்லாம் ஒரே தடிமன், முனைகளில் சதுரப் பட்டை. ரிசார்ட்டோ காபிக் கடையோ, பெயர் அழுத்தமாகக் காலூன்றி நிற்கும். அச்சுத் தொழிலில் இதை ஸ்லாப் செரிஃப் என்பார்கள்.

விளம்பரச் சுவரொட்டிக்காகவே பிறந்த எழுத்து இது. 1810களில் லண்டனில் வின்சென்ட் ஃபிக்கின்ஸ் வார்த்தார். அதே வகையில் 1845இல் கிளாரண்டன் என்ற எழுத்துரு வந்தது, 1934இல் ராக்வெல். மெல்லிய கோடே இல்லாததால் மட்டமான தாளிலும் உடையாது, தூரத்திலிருந்தும் படிக்கலாம். தடித்தாலும் உள்ளே வெளிச்சம் இருக்கும்படி ஒவ்வொரு எழுத்தையும் பார்த்துப் பார்த்து அகலப்படுத்தி வரைந்திருக்கிறார்கள்.

அதே பலகையில் தமிழைப் பாருங்கள். சாதாரண எழுத்தைக் கணினியில் ஒரு பொத்தானை அழுத்தி ஊத வைத்திருப்பார்கள். அப்படிச் செய்தால் கோடு வெளியே பெருப்பதுபோல் உள்ளேயும் பெருக்கும். ட, ப, ம தாங்கிவிடும். ‘மண்டபம்’ என்று அடித்தால் மூன்று சுழி ண-வின் சுழிகள் அடைபட்டு மைக்கறை ஆகிவிடும். அது ண-வா ன-வா என்று எட்ட நின்று சொல்ல முடியாது. புள்ளி இறங்கி எழுத்தின் தலையோடு ஒட்டிக்கொள்ளும். ஊர் முழுக்க மண்டபம் இருக்கிற ஊரில் அந்தச் சொல்லையே ஒழுங்காகப் படிக்க முடியவில்லை என்பது எனக்குப் பொறுக்கவில்லை.

‘பெரிசா, பளிச்சுனு போடுங்கன்னுதான் கேக்கறாங்க, நேரமும் தர்றதில்ல’ என்கிறார்கள் ஃபிளெக்ஸ் அடிப்பவர்கள். இருக்கலாம். ஆனால் ஆங்கிலத்துக்கு மட்டும் நல்ல எழுத்தைத் தேட நேரம் கிடைக்கிறதே!

இங்கேயே பக்கத்தில், சாளுவன்குப்பத்தில், அதிரணசண்ட மண்டபத்துக்குப் போய்ப் பாருங்கள். பல்லவர் கால வாசகத்தை ஒரு சுவரில் கிரந்தத்திலும் எதிர்ச் சுவரில் நாகரியிலும் வெட்டியிருக்கிறார்கள். ஒன்றைச் செதுக்கி, மற்றொன்றை ஒப்புக்குக் கீறிவிட்டுப் போகவில்லை. செங்கல்பட்டை ஒட்டிய வல்லம் குடைவரையில் மகேந்திரவர்மன் காலத்துத் தமிழ்க் கல்வெட்டே இருக்கிறது. உளி பிடிக்கிறவருக்குச் சுழி எவ்வளவு முக்கியம் என்று சொல்லித்தர வேண்டியதில்லை. சுழிக்குள் விடும் கல் மெலிந்தால் சில்லாகத் தெறித்துவிடும், எழுத்தே போய்விடும்.

வழி இல்லாமலும் இல்லை. தடித்த வடிவத்தைத் தனியாகவே வரைந்த தமிழ் எழுத்துருக்கள் இன்று இலவசமாகக் கிடைக்கின்றன: நோட்டோ செரிஃப் தமிழ், அனேக் தமிழ், பலூ தம்பி. ராக்வெல் பக்கத்தில் சரிக்குச் சரி நிற்கும் பட்டைக்கால் தமிழ் எழுத்து ஒன்றை யாராவது வரைந்தால் இன்னும் நல்லது. எழுத்துரு வரையும் இளைஞர்கள் இதைக் கையில் எடுக்க வேண்டும்.

பலகை மாட்டப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். காசு கொடுப்பதற்கு முன் ஒரு மாதிரி அடித்து வாங்கி, சாலைக்கு எதிர்ப்புறம் போய் நின்று பாருங்கள். ண-வின் மூன்று சுழியும் தெரியவில்லையா, திருப்பி அனுப்பிவிடுங்கள்.