புதிய மோட்டார் சைக்கிளுக்கும் கிறீஸ் வேண்டும்

"புதுசைப் போய் ஏன் கழட்டுறியள்?" என்று கேட்டபடி நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். மண்பாதையில் ஓடுவதற்கான அந்த மோட்டார் சைக்கிள் அன்றுதான் கடையிலிருந்து வந்திருந்தது. முன் சில்லைக் கழற்றி ஹாண்டிலின் கழுத்தைத் திறந்தபோது எவரும் பேசவில்லை. பெயாரிங்கில் ஒரு பக்கத்தில் மட்டும் பொட்டு வைத்தாற்போல் கிறீஸ் ஒட்டியிருந்தது.

முன்பு நான் திறந்து பாராமலே ஓடியவன். ஒரு மாரி முழுவதும் வாய்க்காலும் வெள்ளமும் கடந்தேன். தை மாதத்தில், காய்ச்சற்காரப் பிள்ளையையும் தாயையும் ஏற்றிக்கொண்டு வைத்தியசாலைக்குப் போகையில், ஹாண்டில் மணலில் திரும்ப மறுத்தது. மூவரும் சரிந்தோம். தாயின் முழங்கையில் உராய்வோடு போயிற்று. கழற்றிப் பார்த்தால் பெயாரிங் துருவேறிக் கிடந்தது.

தொழிற்சாலையில் அவசரமாகப் பூட்டப்படும் வண்டிகளுக்குக் கிறீஸ் குறைவாகவே வைக்கப்படுவதுண்டு. தார் வீதியில் ஓடுபவருக்கு அது பல காலம் தெரியவராது. சேற்றிலும் தண்ணீரிலும் ஓடுபவர் முதல் மழையிலேயே அறிந்துகொள்வார். ஆகவே ஹாண்டில் கழுத்து, பின் சில்லைப் பிடித்திருக்கும் கவையின் அச்சு, சொக் அப்சோர்பரின் கீழ் மூட்டுகள், சில்லு அச்சுகள் ஆகியவற்றைத் திறந்து, தண்ணீருக்குக் கரையாத லித்தியம் கிறீஸைத் தாராளமாக வையுங்கள். கழுத்து நட்டை இறுக்குவதில் பக்குவம் வேண்டும். முன் சில்லை உயர்த்தினால் ஹாண்டில் தன் பாரத்திலேயே இரு பக்கமும் சாயவேண்டும். முன்னும் பின்னும் ஆட்டினால் 'டக்' என்று தட்டக்கூடாது. உபகரணம் இல்லாதவர் மெக்கானிக்கிடம் கொடுத்து அருகில் நின்று பாருங்கள்.

பிறேக்கில் கிறீஸ் படவே கூடாது. செயினுக்கும் கிறீஸ் வேண்டாம்; மணலைப் பிடித்துவைத்துப் பற்களைத் தின்னும். செயின் ஒயில் போதும். கழிவு ஒயில் ஊற்றும் எமது வழக்கமும் நல்லதல்ல. செயினை விறைப்பாக இழுத்துவிடுவோரும் உண்டு. பாரம் ஏறிப் பின்பக்கம் தாழும்போது செயின் இன்னும் இறுகி, கியர்ப்பெட்டியின் பெயாரிங்கைக் கெடுக்கும். கையேடு சொல்லும் தளர்வை விடுங்கள்.

எயர் பில்டரையும் கழற்றிப் பாருங்கள். பஞ்சு காய்ந்திருந்தால் அதற்குரிய ஒயிலில் தோய்த்துப் பிழிந்து போடவேண்டும். காய்ந்த பஞ்சினூடாகச் செம்மண் தூசு நேரே எஞ்சினுக்குள் போகும்.

சில்லுக் கம்பிகளை ஸ்பனரால் மெல்லத் தட்டுங்கள். தளர்ந்த கம்பி மந்தமாக ஒலிக்கும். அதைச் சிறிது சிறிதாகத்தான் இறுக்கலாம். ஒரேயடியாக இறுக்கினால் றிம் கோணும். புதுக் கம்பிகள் முதல் ஓட்டத்திலேயே தளர்வதால், வீடு திரும்பியதும் மறுபடி தட்டிப் பாருங்கள். எல்லா நட்டுகளுக்கும் அவ்வாறே.

அன்று மாலை, புதுசை ஏன் கழட்டுறியள் என்று கேட்டவரே தமது மூன்று மாத வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். எஞ்சினின் கீழ் மரப்பெட்டியை வைத்து முன் சில்லை உயர்த்தினோம். ஹாண்டில் பாதி வழியில் நின்றது.