சுருட்டுக்கு எந்த நெருப்பு?

சிகரெட்டுக்கு எந்த நெருப்பும் போதும். நறுக்கிய புகையிலை, மேலே சுலபமாக எரியும் மெல்லிய தாள். தீயைக் காட்டி ஒரு இழுப்பு இழுத்தால் பற்றிக்கொள்ளும். சுருட்டு அவ்வளவு சீக்கிரம் மசியாது. கியூபச் சுருட்டின் பருமனை அங்குலத்தை 64 பங்காக்கி அளக்கிறார்கள். பெயர்பெற்ற ‘ரோபஸ்டோ’ வகை 50 பங்கு. குறுக்களவில் ஏறக்குறைய இரண்டு சென்டிமீட்டர். உள்ளே இறுக்கமாகச் சுற்றிய இலைகள், அவற்றில் கொஞ்சம் ஈரப்பதம். அந்த வட்டம் முழுவதும் ஒரே சீராகக் கனன்றால்தான் சுருட்டு நேராக எரியும். இல்லையென்றால் ஒரு பக்கம் சரசரவென்று எரிந்து முன்னே போக, மறுபக்கம் அப்படியே நிற்கும்.

அதனால் விவரமறிந்தவர்கள் நுனியைச் சுடருக்குள் நுழைப்பதில்லை. சுடருக்குச் சற்று மேலே பிடித்து, திருப்பித் திருப்பி, விளிம்பு கருத்துச் சிவக்கும்வரை வாட்டுகிறார்கள். இதற்கு அரை நிமிடம்கூட ஆகும். அத்தனை நேரமும் எரிபொருளின் ஆவி இலையில் ஏறிக்கொண்டிருக்கிறது. லைட்டர் வாங்கப் போகிறவர் அதன் பளபளப்பைப் பார்ப்பதற்கு முன் உள்ளே என்ன ஊற்றுவார்கள் என்று கேட்க வேண்டியது இதனால்தான்.

உலகின் மிகப் பிரபலமான லைட்டரே இந்தக் கேள்வியில் தோற்றுப்போகிறது. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், பிராட்ஃபோர்டு என்ற சிற்றூரில் ஜார்ஜ் பிளெய்ஸ்டெல் 1932-இல் தொடங்கியது ஸிப்போ. நண்பர் ஒருவர் இரு கைகளாலும் திண்டாடிக்கொண்டிருந்த ஆஸ்திரிய லைட்டரைப் பார்த்து, அதை ஒரு கைக்கு அடங்கும்படி மாற்றினார். திரியைச் சுற்றியுள்ள துளையிட்ட தகரக்கூண்டு காற்றைத் தடுக்கும். இரண்டாம் உலகப்போரில் அந்தத் தொழிற்சாலையின் உற்பத்தி முழுவதும் அமெரிக்கப் படைக்கே போனது. பதுங்குகுழிக்கு அதைவிட நல்ல லைட்டர் கிடையாது. ஆனால் உள்ளே பஞ்சில் ஊறியிருப்பது பெட்ரோலியத்திலிருந்து வடித்த திரவம். அது முழுமையாக எரிவதில்லை. எரியாத மிச்சம் இலையில் ஒட்டிக்கொண்டு முதல் சில இழுப்புகளில் பெட்ரோல் பங்க்கை நினைவுபடுத்தும். போதாததற்கு, தொடாமல் வைத்தாலே ஓரிரு வாரத்தில் பஞ்சு காய்ந்துவிடும். ஸிப்போ நிறுவனமே இப்போது அந்தப் பழைய கூட்டுக்குள் பொருத்திக்கொள்ள பியூட்டேன் வாயுப் பொறியை விற்கிறது.

பியூட்டேன் சுருட்டுக்கு வாய்த்தது அதன் குணத்தால். தூய பியூட்டேனுக்கு வாசனை மிகக் குறைவு. அது −0.5 டிகிரி செல்சியஸிலேயே கொதிப்பதால், இரண்டு மூன்று வளிமண்டல அழுத்தத்தில் திரவமாக அடங்கியிருந்து, வால்வைத் திறந்ததும் வாயுவாகிறது. வீட்டுச் சிலிண்டர் வாயுவும் இதன் உறவுதான் என்று அதிலிருந்து நிரப்பிக்கொள்ளும் துணிச்சல்காரர்கள் உண்டு. வேண்டாம். அதில் புரொப்பேன் கலந்திருப்பதால் அழுத்தம் மிக அதிகம். கசிவு தெரிவதற்காகச் சேர்த்த கந்தக நாற்றமும் இருக்கிறது.

கடையில் விற்கும் வாயுக் குப்பிகளில் ‘மும்முறை சுத்திகரித்தது’, ‘ஐம்முறை சுத்திகரித்தது’ என்றெல்லாம் அச்சிட்டிருக்கும். இவற்றுக்குப் பொதுவான அளவுகோல் ஏதும் கிடையாது. கண்ணாடித் துண்டின் மேல் கொஞ்சம் பீய்ச்சி, ஆவியாகவிட்டுப் பார்ப்பது நல்ல சோதனை. எண்ணெய்ப் பிசுக்கு தங்கினால் அதே பிசுக்கு லைட்டரின் நுண்துளையையும் அடைக்கும். நிரப்புமுன் வால்வைச் சின்னத் திருப்புளியால் அழுத்திப் பழைய வாயுவையும் காற்றையும் வெளியேற்ற வேண்டும். பக்கத்தில் அடுப்போ விளக்கோ எரியக்கூடாது. ‘லைட்டர் பழுது’ என்று கடைக்கு வருபவற்றில் பலவற்றுக்கு உள்ளே சிக்கிய காற்றுதான் நோய்.

இனி சுடர். வாயு தானாக எரிந்தால் மஞ்சள் நிற மென்சுடர். 1950-களிலிருந்து பிரான்சின் எஸ்.டி. டூபான் விற்கும் விலையுயர்ந்த லைட்டர்கள் இதற்குப் புகழ்பெற்றவை. வாயு வெளிவருமுன்பே காற்றோடு கலந்தால் ஆயிரம் டிகிரிக்கு மேல் சீறும் நீலச்சுடர். இதுதான் டார்ச் லைட்டர். கடற்கரையிலும் மொட்டைமாடியிலும் டார்ச்சுக்கு ஈடில்லை, ஆனால் அவசரப்பட்டால் இலையைக் கருக்கிக் கசப்பாக்கிவிடும். மூன்று நான்கு சுடர் சீறுவது பார்க்க மிரட்டலாக இருக்கும். மிகப் பருத்த சுருட்டுக்கு வேண்டுமானால் உதவும், மற்றபடி வாயு தின்னிதான். அறைக்குள் மென்சுடர், வெளியே ஒற்றைச் சுடர் டார்ச் என்றால் பெரும்பாலும் போதும். ஊட்டி போன்ற 2,200 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கால்பங்கு குறைவு. வாயுவைக் குறைத்து வைக்காவிட்டால் டார்ச் சொடுக்கிக்கொண்டே இருக்கும், பற்றாது.

அந்தச் சொடுக்கு, படிகம் ஒன்றைச் சுத்தியல் தட்டி மின்பொறி எழுப்பும் ஓசை. 1880-இல் கியூரி சகோதரர்கள் கண்டறிந்த விளைவு. அடுப்பு லைட்டரிலும் அதுவேதான். உருளையை உரசும் வகையில் இருப்பது ‘லைட்டர் கல்’, உண்மையில் சீரியமும் இரும்பும் கலந்த உலோகம். ஆஸ்திரியாவின் கார்ல் ஆவர் 1903-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். வாயு விளக்கின் மேன்டிலும் அவர் கண்டுபிடிப்பே. மேன்டிலுக்கான தோரியத்தை மோனசைட் மணலிலிருந்து பிரித்தபின் மிஞ்சிய உலோகங்களுக்கு அவர் கண்ட உபயோகம் இந்தக் கல். அந்த மோனசைட், திருவிதாங்கூரிலிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணல் வழியாக, 1909-இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியரை அந்தக் கடற்கரைக்கே இழுத்து வந்தது. மணவாளக்குறிச்சி மணல் ஆலையின் கதை அங்கிருந்து தொடங்குகிறது.

உறையூர்ச் சுருட்டுக்கு இத்தனை ஆராய்ச்சி தேவைப்பட்டதில்லை, தீப்பெட்டி போதும். கியூபச் சுருட்டுக்கும் அது மோசமில்லை. மருந்தில் கந்தகம் இருப்பதால் தலை எரிந்து முடிந்து மரம் பற்றியபின் சுருட்டருகே கொண்டுபோக வேண்டும், அவ்வளவே. சிலர் சுருட்டுப் பெட்டிக்குள் இருக்கும் சீடார் தகட்டைச் சிம்பாகக் கிழித்து அதில் பற்றவைக்கிறார்கள். மணக்கும் அந்த மரம் நம் வேம்பின் குடும்பம். தீப்பெட்டிக்கு லைட்டர் போட்டியானதும் உண்டு. மலிவு பிளாஸ்டிக் லைட்டர்கள் சிவகாசி, கோவில்பட்டித் தீப்பெட்டித் தொழிலை நசுக்குகின்றன என்ற முறையீட்டுக்குப் பின், 20 ரூபாய்க்குக் குறைவான லைட்டர்களின் இறக்குமதியை மத்திய அரசு 2023 ஜூனில் தடைசெய்தது.

புகையை வாயோடு நிறுத்திக்கொண்டால் ஆபத்தில்லை என்று நம்புகிறவர்கள் ஏராளம். வாய்ப்புற்றுநோயும் தொண்டைப் புற்றுநோயும் அந்தக் கணக்கை ஏற்பதில்லை. லைட்டர் எதுவானாலும் அதில் மாற்றமில்லை.

வாங்கிய லைட்டரை வெயிலில் நிற்கும் காரில் விடக்கூடாது. குப்பிகளின் மேலேயே 50 டிகிரிதான் எல்லை என்று எச்சரித்திருப்பார்கள். விமானத்தில் நிரப்புக் குப்பிக்கு எந்தப் பையிலும் இடமில்லை. அமெரிக்காவில் சாதாரண லைட்டர் ஒன்றைக் கையோடு கொண்டுபோகலாம், டார்ச் லைட்டரைப் பிடுங்கிக்கொள்வார்கள். அடிக்கடி பறப்பவர்கள் விலையுயர்ந்ததை வீட்டில் வைத்துவிட்டு, இறங்கிய ஊரில் மலிவாக ஒன்று வாங்கிக்கொள்கிறார்கள்.